தசை ஊசிக்கு எந்த இடம்: பிட்டமா, இடுப்பின் பக்கவாட்டா, தொடையா?

மருந்துச் சீட்டில் "தசைக்குள் போடவும்" என்று மட்டும்தான் பெரும்பாலும் இருக்கும். எந்தத் தசை, எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்பதை ஊசியைக் கையில் எடுப்பவர்தான் முடிவு செய்தாக வேண்டும். மருத்துவமனையில் அவர் செவிலியர். நீண்ட காலம் ஊசி தேவைப்படுபவரின் வீட்டில் கணவர், மனைவி அல்லது தாய். இந்த முடிவைப் பல நேரம் பழக்கமே எடுத்துவிடுகிறது. நோயாளி குப்புறப் படுக்கிறார், ஆடை சற்று இறங்குகிறது, கை தானாகப் பிட்டத்துக்குப் போகிறது. இடுப்பின் பக்கவாட்டிலும் தொடையிலும் வேறு இரண்டு நல்ல இடங்கள் இருப்பது நினைவுக்கு வருவதே இல்லை.

தோளிலுள்ள டெல்டாய்டு தசையை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. ஒரு மில்லி, மிஞ்சினால் இரண்டு மில்லி தாங்கும் சின்னத் தசை அது. தடுப்பூசிக்கு நல்ல இடம். அளவு கூடினாலோ மருந்து எண்ணெய் போல அடர்த்தியாக இருந்தாலோ காலுக்கும் இடுப்புக்கும்தான் வந்தாக வேண்டும்.

தசை பெரிதா சிறிதா என்பதைவிட, அந்தத் தசைக்கு அடியில் எந்த நரம்பு ஓடுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காரணம், தசையில் ஏற்படும் காயம் சில நாளில் ஆறும். நரம்பில் ஏற்படும் காயம் சிலருக்கு ஆயுள் முழுவதும் ஆறுவதில்லை.

சியாட்டிக் நரம்பு உடலிலேயே தடித்த நரம்பு. முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியிலிருந்து வரும் லம்பார் (இடுப்புப் பகுதி) 4, 5, சேக்ரல் (அதற்கும் கீழ்ப்பகுதி) 1, 2, 3 ஆகிய ஐந்து வேர்கள் சேர்ந்து உருவாவது. தொடங்கும் இடத்தில் ஏறக்குறைய 2 செ.மீ. அகலம் இருக்கும். பிரிஃபார்மிஸ் என்ற சிறு தசையின் கீழ்விளிம்பில் இடுப்புக்கூட்டை விட்டு வெளியே வந்து, பிட்டத்தின் பெரிய தசையான குளூட்டியஸ் மேக்சிமஸுக்கு அடியில் இறங்குகிறது. நாம் உட்காரும்போது தரையில் அழுந்தும் எலும்புக்கும், இடுப்பின் வெளிப்பக்கம் கையில் தட்டுப்படும் தொடை எலும்பின் பெரிய முண்டுக்கும் நடுவே புகுந்து தொடையின் பின்பக்கம் போகிறது. எல்லோருக்கும் ஒரே வழி என்றும் சொல்ல முடியாது. பத்தில் ஒருவருக்கு என்ற அளவில், நரம்பின் ஒரு பகுதி பிரிஃபார்மிஸ் தசையைத் துளைத்துக்கொண்டு சற்று மேலேயே வெளிவருகிறது. தோலுக்கு மேலிருந்து பார்த்து இதை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் ஒரே உறைக்குள் இரண்டு நரம்புகள் இருக்கின்றன. உட்பக்கம் இருப்பது டிபியல் நரம்பு. கெண்டைக்கால் தசைகளையும் உள்ளங்காலையும் கவனிக்கிறது. வெளிப்பக்கம் இருப்பது பெரோனியல் நரம்பு. பாதத்தை மேலே தூக்கும் தசைகளையும் வெளிப்பக்கம் திருப்பும் தசைகளையும் இயக்குகிறது. பிட்டத்தில் ஊசி தவறினால் அதிகம் அடிபடுவது பெரோனியல் பகுதிதான். ஊசி வரும் வெளிப்பக்கத்தில் அது இருக்கிறது. அதன் இழைக்கற்றைகள் பெரியவை, அவற்றைச் சூழ்ந்து காக்கும் இணைப்புத் திசு குறைவு. மேலே இடுப்பெலும்பின் இடைவெளியிலும் கீழே முழங்காலுக்குச் சற்றுக் கீழுள்ள ஃபிபுலா எலும்பின் கழுத்திலும் அது கட்டுண்டு கிடப்பதால் விலகி வழிவிடவும் இடமில்லை. விளைவு, பாதம் தொங்கிப்போதல். நடக்கும்போது கால் விரல்கள் தரையில் தேயும். அதைத் தவிர்க்க அந்தக் காலை மட்டும் உயரத் தூக்கி வைத்து நடக்க வேண்டிவரும்.

ஊசி முனை குத்தியதால் மட்டும் இவ்வளவு சேதம் வருவதில்லை. மருந்து நரம்பின் இழைக்கற்றைக்குள்ளேயே இறங்கும்போதுதான் பெருங்கேடு. பென்சிலின் ஜி, டயாசெபம் போன்றவை நரம்பிழைக்கு நேரடி நஞ்சாக மாறக்கூடியவை. பிறகு அந்த நரம்பு மீண்டும் வளர வேண்டுமென்றால் அதன் வேகம் நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். வளர்ந்த ஒருவரின் பிட்டத்திலிருந்து கணுக்காலை இயக்கும் தசை வரை அரை மீட்டருக்கும் மேலான தூரம். நரம்பு வந்து சேர ஒன்றரை, இரண்டு ஆண்டு ஆகும். நரம்பில்லாமல் கிடக்கும் தசையோ ஒன்றரை ஆண்டுக்குள்ளேயே நரம்பை ஏற்கும் திறனைப் பெரிதும் இழந்துவிடுகிறது. மேலே பட்ட காயம் கீழே ஆறாமல் போவதற்கு இதுதான் காரணம். சில நொடி வேலையில் எடுத்த ஒரு முடிவின் விலை இது என்பதை ஊசி போடக் கற்கும் ஒவ்வொருவருக்கும் முதல் பாடமாகவே சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பிட்டத்தில் ஊசி போடுவோர் இந்த ஆபத்தை அறியாதவர்கள் அல்லர். பிட்டத்தை நான்காகப் பிரித்து மேல்-வெளிக் கால்பகுதியில் போடு என்ற விதியே நரம்பைத் தவிர்க்கத்தான் வந்தது. விதியில் குறையில்லை. அதை நடைமுறைப்படுத்துவதில்தான் சறுக்கல். நான்காகப் பிரிக்க வேண்டிய பரப்பு மேலே இடுப்பெலும்பின் விளிம்பில் தொடங்குகிறது. பார்ப்பவர் கண்ணுக்கோ, உருண்டு தெரியும் சதைப்பகுதி மட்டும்தான் பிட்டம். ஆடை பாதி இறங்கிய நிலையில் அதுவும் முழுதாகத் தெரியாது. அந்தச் சின்னப் பரப்பை நான்காக்கி அதன் மேல்-வெளி மூலையில் குத்தினால், உண்மையான பரப்பின் நடுவுக்கே ஊசி போய்ச் சேரும். நரம்பு அங்கிருந்து எட்டாத தூரத்தில் இல்லை.

இதைவிட நம்பகமான அடையாளம் ஒன்று உண்டு. இடுப்பின் பின்பக்கம், முதுகின் கீழே இருபுறமும் குழி விழும் இடத்தில் ஓர் எலும்பு முனை கையில் படும். அங்கிருந்து தொடை எலும்பின் பெரிய முண்டு வரை மனதில் ஒரு கோடு போட்டு, அதற்கு மேலே, வெளிப்பக்கமாகப் போட வேண்டும். பிட்டத்தில்தான் போட வேண்டும் என்ற நிலை வந்தால் இந்தக் கோட்டைத் தொட்டுப் பார்க்காமல் ஊசியை எடுக்கவே கூடாது. நோயாளி குப்புறப் படுத்து, கால் விரல்களை உள்நோக்கித் திருப்பிக்கொண்டால் தசை தளரும். நிற்க வைத்துப் போடும் வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. நிற்கையில் தசை இறுகியிருக்கும். மயங்கி விழவும் வாய்ப்புண்டு.

இடம் சரியாக அமைந்தாலும் பிட்டத்தில் வேறு இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று கொழுப்பு. பெரும்பாலோருக்குப் பிட்டத்துக் கொழுப்பு, வழக்கமான ஊசியின் நீளத்தை விழுங்கிவிடும் தடிமனில் இருக்கிறது. 1982இல் சிடி ஸ்கேன் படங்களை அளந்து பார்த்த ஓர் ஆய்வு, 3.5 செ.மீ. ஊசியைக் கொண்டு பிட்டத்தில் போட்டால் பெண்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே மருந்து தசையை எட்டும் என்று காட்டியது. ஆண்களிலும் பதினைந்து பேரைத் தாண்டவில்லை. மற்றவர்களுக்குத் தசை ஊசி என்ற பெயரில் கொழுப்புக்குள்தான் மருந்து தேங்குகிறது. ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியைப் பிட்டத்தில் போட்டவர்களுக்கு எதிர்ப்பாற்றல் குறைவாக உருவானது 1980களிலேயே தெரியவந்தது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியைப் பிட்டத்தில் போடவே கூடாது என்று வழிகாட்டிகள் கண்டிப்பாகச் சொல்வதும் இதனால்தான்.

இன்னொன்று ரத்தக்குழாய். மேல்-வெளிக் கால்பகுதிக்கு அடியில் சுப்பீரியர் குளூட்டியல் தமனியின் கிளைகள் ஓடுகின்றன. அதனால் பிட்டத்தில் போடும்போது மட்டும் ஊசியைக் குத்தியபின் சிரிஞ்சின் உந்துதண்டைச் சற்றுப் பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. தோளிலும் தொடையிலும் தடுப்பூசி போடும்போது அந்த வேலை தேவையில்லை.

இனி இடுப்பின் பக்கவாட்டு. செவிலியர் பாடத்தில் வென்ட்ரோகுளூட்டியல் என்று வரும் இடம். 1950களில் ஹோக்ஸ்டெட்டர் என்ற ஸ்விஸ் உடற்கூறியலாளர், பிட்டத்து ஊசியால் நேரும் நரம்புச் சேதத்தைத் தவிர்ப்பதற்காகவே இந்த இடத்தைப் பரிந்துரைத்தார். இத்தனை ஆண்டுகள் கழிந்தும் இது இரண்டாம் இடத்திலேயே நிற்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இங்கே ஊசி இறங்குவது குளூட்டியஸ் மீடியஸ் தசைக்குள். அதற்கு அடியில் குளூட்டியஸ் மினிமஸ், அதற்கும் அடியில் இடுப்பெலும்பு. சியாட்டிக் நரம்பு இந்த வழிக்கே வருவதில்லை. அது பின்னால், கீழே. பெரிய ரத்தக்குழாயும் இல்லை. மீடியஸ், மினிமஸ் இரண்டுக்கும் இடையே சுப்பீரியர் குளூட்டியல் நரம்பின் கிளைகள் ஓடுவது உண்மை. முன்பக்கமுள்ள டென்சார் ஃபேசியே லேட்டே என்ற தசைக்கு அவைதான் போகின்றன. இங்கிருப்பவை மெல்லிய கிளைகள். தண்டோ பின்னால், பிரிஃபார்மிஸின் மேல்விளிம்பில் வெளிவருகிறது. அதற்கு அருகே இருப்பது பிட்டத்து ஊசியே. அந்த நரம்பு கெட்டால் ஒற்றைக் காலில் நிற்கும்போது எதிர்ப்பக்க இடுப்பு கீழே சரியும், நடை சாய்ந்து சாய்ந்து போகும். ஆக, இடுப்பின் பக்கவாட்டு நரம்பே இல்லாத இடம் என்று சொன்னால் அது மிகை. பெரிய நரம்பு இல்லாத இடம் என்பதே சரி.

கொழுப்பும் இங்கே ஆளுக்கு ஆள் அதிகம் மாறுவதில்லை, பிட்டத்தைவிட மெலிந்தே இருக்கும். தசை நல்ல தடிமன். பெரியவர்களுக்கு நான்கைந்து மில்லி வரை கொடுக்கலாம் என்பது பரவலான வரம்பு. நோயாளி பக்கவாட்டில் படுத்து மேல்காலின் முழங்காலை மடக்கினால் போதும். மல்லாந்து படுத்தும் போடலாம். ஆடையைப் பின்பக்கம் முழுதும் விலக்கத் தேவையில்லை என்பதால் கூச்சப்படுபவர்களுக்கும் இது ஆறுதலான இடம்.

இடத்தைக் கண்டுபிடிக்கும் முறையை ஒருமுறை எலும்பைத் தொட்டுப் பழகினால் மறக்காது. நோயாளியின் இடது இடுப்பு என்றால் உங்கள் வலது கை, வலது இடுப்பு என்றால் இடது கை. உள்ளங்கையின் அடிப்பகுதியைத் தொடை எலும்பின் பெரிய முண்டின் மேல் வையுங்கள். ஆள்காட்டி விரல் நுனி, இடுப்பின் முன்பக்கம் துருத்தித் தெரியும் எலும்பு முனையைத் தொடட்டும். நடுவிரலை அதிலிருந்து விலக்கி, இடுப்பெலும்பின் மேல்விளிம்பை நோக்கிப் பின்னால் நீட்டுங்கள். இரு விரல்களுக்கும் நடுவே விரியும் இடைவெளியின் மையம்தான் ஊசிக்குரிய இடம். தோலுக்குச் செங்குத்தாக, 90 பாகையில் ஊசி இறங்க வேண்டும். குத்துவதற்கு முன் விரல்களை எடுத்துவிடலாம். அங்கேயே வைத்துக்கொண்டு குத்தினால் தன் விரலையே குத்திக்கொள்ளும் ஆபத்து உண்டு.

இந்த முறைக்கு ஒரு குறை இருக்கிறது. கையின் அளவும் நோயாளியின் உடலளவும் பொருந்தாவிட்டால் மையம் நகர்ந்துவிடும். சின்ன உடலில் பெரிய கையை வைத்தால் விரல்கள் எல்லையைத் தாண்டும். அப்போது கையை நம்பாமல் எலும்பை நம்புவதே நல்லது. பெரிய முண்டு, முன் எலும்பு முனை, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு ஆகிய மூன்றையும் தொட்டுக் குறித்து, அவற்றை இணைக்கும் முக்கோணத்தின் நடுவை எடுத்துக்கொள்ளலாம். மிகவும் பருமனானவர்களுக்கு இந்த எலும்புகளே கையில் படாமல் போகலாம். எலும்பு தட்டுப்படாத இடத்தில் குத்துமதிப்பாகப் போடுவதைவிடத் தொடைக்குப் போவது மேல்.

தொடை என்று சொல்வது அதன் முன்-வெளிப்பக்கத்தை. அங்கே இருப்பது வாஸ்டஸ் லேட்டராலிஸ், முழங்காலை நீட்டும் நான்கு தசைகளில் மிகப் பெரியது. ஃபீமரல் நரம்பின் ஆட்சிக்கு உட்பட்டது. பெரிய முண்டிலிருந்து ஒரு கையகலம் கீழே, முழங்காலிலிருந்து ஒரு கையகலம் மேலே, இடைப்பட்ட நடுப்பகுதியின் வெளிப்பக்கம். ஃபீமரல் தமனியும் நரம்பும் தொடையின் முன்-உட்பக்கம் இறங்குகின்றன, சியாட்டிக் பின்னால் போகிறது. இரண்டிலிருந்தும் விலகிய இடம் இது. ஊசி உட்பக்கம் சாயாமல் பார்த்துக்கொண்டால் போதும். தோலுக்கு அடியில் லேட்டரல் ஃபீமரல் கியூட்டேனியஸ் என்ற உணர்வு நரம்பு ஓடுவதால் சிலருக்கு மரத்துப்போதலோ எரிச்சலோ வரலாம். அது தசையை இயக்கும் நரம்பு இல்லை, அதனால் கால் செயலிழக்காது.

நடக்கத் தொடங்காத குழந்தைக்குத் தொடையைத் தவிர வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம். நடக்காத பிட்டத்தில் தசை வளர்ந்திருக்காது. இருக்கும் சிறு பரப்பில் நரம்பு தோலுக்கு மிக அருகில் இருக்கும், மெலிந்த குழந்தைக்கு இன்னும் அருகில். வாஸ்டஸ் லேட்டராலிஸ் பிறப்பிலேயே நல்ல அளவில் இருக்கிறது. கைக்குழந்தைகளுக்குத் தசைக்குள் போடும் தடுப்பூசிகள் தொடையில் போடப்படுவது இதனால்தான். ஒரே தொடையில் இரண்டு தடுப்பூசி போட நேர்ந்தால் இடையே 2.5 செ.மீ. விட வேண்டும். போலியோ கண்காணிப்பில், குழந்தையின் கால் திடீரெனத் துவண்டுபோனால் விசாரிக்கும் காரணங்களில் பிட்டத்து ஊசியால் வந்த நரம்புச் சேதமும் ஒன்றாக இன்றும் இருக்கிறது. காய்ச்சலுக்கென்று குழந்தையின் பிட்டத்தில் ஊசி போடச் சொல்லி வற்புறுத்தும் பெற்றோருக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியது ஊசி போடுபவரின் கடமை.

தொடைக்கு இன்னொரு தனிச்சிறப்பு வேகம். ஒவ்வாமை முற்றி மூச்சுத்திணறும் நிலையில் போடும் அட்ரினலினுக்குத் தொடையின் நடு வெளிப்பக்கமே இடம். இதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. 1998இல் குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வில், தொடைத் தசையில் போட்ட அட்ரினலின் ரத்தத்தில் உச்ச அளவை எட்ட சராசரியாக 8 நிமிடம் ஆனது. மேற்கையில் தோலுக்கடியில் போட்டபோது 34 நிமிடம். அவசரத்தில் ஆடைக்கு மேலேயே போடலாம். தனக்குத் தானே போட்டுக்கொள்ளவும் எட்டும் இடம் இதுவே.

அப்படியென்றால் எல்லோருக்கும் எப்போதும் தொடையிலேயே போட்டுவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். பெரியவர்களுக்கு இங்கே வலி சற்றுக் கூடுதல், அடுத்த நாள் படியேறும்போது தெரியும். திரும்பத் திரும்பப் போடுவதும் தீங்கு. ஜப்பானில் கைக்குழந்தைகளின் தொடையில் மருந்து ஊசிகள் தாராளமாகப் போடப்பட்ட காலத்தில், தசை நார்போல் இறுகி முழங்காலை மடக்க முடியாமல் போன குழந்தைகள் ஏராளம். 1973இல் யமனாஷி மாகாணத்தில் கூட்டமாக இது வெளிப்பட்டபோது நாடே அதிர்ந்தது. பிட்டத்திலும் இதே நேர்கிறது. அடிக்கடி ஊசி போடப்பட்ட பிள்ளைகள் முழங்கால்களைச் சேர்த்துக் குந்த முடியாமல் அகட்டிக் குந்தும் நிலை சீனாவில் பதிவாகியிருக்கிறது. வாயால் கொடுக்க முடிந்த மருந்தை ஊசியாகப் போடாமல் இருப்பது எந்த இடத்தைத் தேர்வதையும்விட நல்ல தேர்வு.

எனவே என் வரிசை இப்படி. நடக்காத குழந்தைக்கும் அட்ரினலினுக்கும் தொடை. வளர்ந்தவர்களுக்கு, அளவு கூடிய அல்லது அடர்த்தியான எந்த மருந்துக்கும் இடுப்பின் பக்கவாட்டு. பிட்டம் கடைசி, அதுவும் மருந்தின் குறிப்பேடு அந்த இடத்தைத்தான் கேட்கிறது என்றால், அல்லது மற்ற இரண்டிலும் புண், கட்டி, வீக்கம் இருந்தால். மாதாமாதம் போடும் மனநோய் மருந்து ஊசிகள் சிலவற்றின் குறிப்பில் "குளூட்டியல்" என்று பொதுவாக இருக்கும். குளூட்டியஸ் மீடியஸும் அந்தக் குழுவைச் சேர்ந்த தசைதான், எனவே இடுப்பின் பக்கவாட்டு பொருந்துமா என்று மருந்தாளரிடமோ மருத்துவரிடமோ கேட்டுத் தெளியலாம். மார்பகப் புற்றுநோய்க்கான ஃபுல்வெஸ்ட்ரண்ட் பக்கத்துக்கு 5 மில்லி வீதம் இருபுறமும் மெதுவாகப் போடப்படுவது. பிட்டத்தில் போடும்போது சியாட்டிக் நரம்பு அருகில் இருப்பதைக் கவனிக்கச் சொல்லி அதன் குறிப்பேடே எச்சரிக்கிறது. வீட்டில் ப்ரொஜெஸ்டிரோன் எண்ணெய் ஊசியை நாள்தோறும் போடும் துணைவர், முதல் ஊசிக்கு முன் ஒரு செவிலியரை அருகில் வைத்துக்கொண்டு எலும்புகளைத் தொட்டு இடத்தைப் பழகிக்கொள்ள வேண்டும். பிறகு இடது, வலது என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும்.

எந்த இடமாக இருந்தாலும் ஊசி இறங்கும்போது நோயாளி "கால் முழுக்க மின்சாரம் பாய்கிறது" என்று துடித்தால் அங்கேயே நிறுத்தி ஊசியை வெளியே எடுத்துவிட வேண்டும். "கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி மீதி மருந்தைச் செலுத்துவதுதான் பெருந்தவறு. உடனே பாதத்தை மேலே தூக்கச் சொல்லுங்கள், கால் கட்டைவிரலைத் தனியாகத் தூக்கச் சொல்லுங்கள், கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையிலுள்ள தோலைத் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றுமே பெரோனியல் நரம்பின் வேலை. ஒன்று குறைந்தாலும் மருத்துவரிடம் அன்றே காட்ட வேண்டும். வலி உடனே வராமல் சில மணி நேரம் கழித்து வருபவர்களும் உண்டு, ஆகவே வீட்டுக்கு அனுப்பும்போதே இதைச் சொல்லி அனுப்புங்கள். மருந்தின் பெயர், அளவு, எந்தப் பக்கம், எந்த இடம், எத்தனை மணிக்கு என்பதை அப்போதே குறித்துவையுங்கள். பின்னால் பாதம் தொங்கினால், காரணம் பிட்டத்திலா அல்லது நெடுநேரம் படுத்ததில் ஃபிபுலா கழுத்தில் அழுந்தியதா என்று பிரித்தறிய மருத்துவர் தொடையின் பின்பக்கமுள்ள பைசெப்ஸ் ஃபீமோரிஸின் குட்டைத் தலையைச் சோதிப்பார். தொடையில் பெரோனியல் பகுதி இயக்கும் ஒரே தசை அது. அது பாதித்திருந்தால் காயம் முழங்காலுக்கு மேலே என்று தெரிந்துவிடும். அந்த நேரத்தில் உங்கள் குறிப்பு அவருக்குத் தேவைப்படும்.